பிரான்சு சட்டியின் கறுப்பு

எனக்குத் தோசை என்றால் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் வேண்டும். இதில் குற்றம் எதுவும் இல்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில், பிரான்சிலிருந்து என் மகன் சோமசேகரன் ஒரு சட்டி அனுப்பினான். தட்டையாக, நீளக் கைப்பிடியோடு, உள்ளே கன்னங்கரேலென்று பூச்சு. இப்போது நான்ஸ்டிக் என்கிறார்கள். அப்போது எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பிரான்சு சட்டி. மாவு ஒட்டாது, எண்ணெயே வேண்டாம் என்று எழுதியிருந்தான். பொய் சொல்லவில்லை. முதல் தோசை சட்டியை விட்டு வழுக்கி, தட்டிலும் நிற்காமல், வாசற்படி வரை போயிற்று. அதைப் பிடிக்க ஓடிய பூனை கடைசி வரை ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தது.

என் மனைவி பங்கஜவல்லி பழைய தோசைக்கல்லைத் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். எண்ணெய்த் தூக்கு பரணில் ஏறியது.

"ஒட்டாத சட்டிக்கு எண்ணெ எதுக்குங்க? டாக்டரும் உங்களுக்கு வேணாம்னுதானே சொன்னாரு?"

இரண்டு மாதம் வறட்டுத் தோசை தின்றேன். நிதானமான மனிதன் நான். கோபப்படவில்லை. யோசித்தேன்.

மார்கழிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பங்கஜவல்லி அம்பகரத்தூர் அம்மன் கோயிலுக்குப் போனாள். நான் சட்டியைக் கொல்லையில் வைத்து, செங்கல் தூளும் தேங்காய் நாருமாகத் தேய்த்தேன். அதற்கு மசியாத இடத்தில் இரும்புத் தோசைத்திருப்பி. நடுவிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. ஓரம் சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பிரெஞ்சுக்காரன் வேலையில் குறை சொல்ல முடியாது.

அதே காலையில்தான், பாத்திரம் தேய்க்கும் அமுதம் எங்கள் வீட்டுப் பித்தளை எல்லாவற்றையும் பொங்கலுக்காகப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். நான் சட்டியையும் அந்த வரிசையிலேயே கவிழ்த்தேன். வேறு எங்கே கவிழ்ப்பது?

சாயங்காலம் பங்கஜவல்லி அவளைக் கூப்பிட்டாள்.

"ஏ அமுதம், இதுல இருந்த கறுப்பு எங்கடி?"

"அதை நான் தொடவே இல்லம்மா. அம்மன் சத்தியம்."

"தொடாம எப்படிடி போவும்? கோவிச்சிக்கிட்டுப் போயிடுச்சா? நாளையிலேருந்து வராத."

அமுதத்துக்கு எங்கள் தெருவில் ஏழு வீட்டு வேலை. ஒரு வீடு கைவிட்டால் மற்ற ஆறும் கைவிடும்; தெருவின் வழக்கம் அது. அவள் அழுதாள். எனக்கு இளகிய மனசு. சட்டியோடு வந்த காகிதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

தெருவில் பிரெஞ்சு தெரிந்த கடைசி ஆள், பத்திரம் எழுதும் நொத்தேர் ஆபீஸ் குமாஸ்தா, முந்தின வருஷம் காலமாகிவிட்டார். அன்றிலிருந்து பிரெஞ்சு என் பொறுப்பு. முப்பது வருஷம் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சி ஆபீசில், உத்தியோகம் பார்த்தவன் நான். உறைகளுக்கு அரக்கு வைப்பது என் வேலை. பிரெஞ்சு எழுத்தை அத்தனை வருஷம் அத்தனை பக்கத்திலிருந்து பார்த்தவர் வேறு யாரும் தெருவில் இல்லை.

"கப்பல்ல உப்புக் காத்து அரிக்காம இருக்க மேல கறுப்பு பூசியிருக்கோம்," என்று படித்தேன். "பொங்கலுக்குள்ள தேச்சு எடுத்துடணும்."

எதிர்வீட்டு சொர்ணாம்பாள் எட்டிப் பார்த்தாள். "பொங்கல்னா போட்டிருக்கான், அண்ணே?"

"பண்டிகைன்னு போட்டிருக்கான். நமக்கு எதும்மா பண்டிகை?"

அதற்கு மேல் கேள்வி இல்லை. அமுதத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் தெருவில் இன்னும் ஆறு வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் இருந்தார்கள். ஆறு வீட்டிலும் சட்டி இருந்தது. பொங்கலன்று வீட்டில் கரிப்பாத்திரம் இருக்கலாமா? அத்தனையும் எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தன. அமுதம் இரண்டு நாள் தேய்த்தாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓரத்தைப் பற்றி யோசனை சொன்னேன். அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோயிற்று.

"ஐயா இல்லேன்னா எம் பொழப்பே போயிருக்குங்க," என்றாள்.

நான் மறுக்கவில்லை. பாராட்டை மறுப்பது அகம்பாவம்.

தைப்பொங்கலுக்கு ஏழு சட்டியும் வெள்ளித் தாம்பாளம் போல மின்னின. மறுநாளிலிருந்து ஏழு வீட்டிலும் தோசை, சட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. எண்ணெய்த் தூக்கு பரணை விட்டு இறங்கியது. ஊர் நன்றாகச் சாப்பிட்டது.

சித்திரையில் சோமசேகரன் லீவில் வந்தான். சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காகிதத்தைக் கேட்டான். அதை நான் முன்பே எரித்திருக்கலாம். எழுத்தை எரிப்பது பாவம் என்று விட்டுவைத்திருந்தேன்.

"இரும்பு படக் கூடாது, நார் போடக் கூடாது, மெத்துன்னு துணியால துடைச்சா போதும்னு போட்டிருக்கு," என்றான். "யாருப்பா இதைத் தேய்க்கச் சொன்னது?"

பிரான்சிலிருந்து வந்தவனைப் பார்க்க ஆறு வீட்டுப் பெண்களும் கூடத்தில் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைத் தேடினேன். அது மூக்கின் மேல்தான் இருந்தது.

அமுதம் கொல்லையிலிருந்து வந்தாள்.

"ஐயா சரியாத்தான் படிச்சாங்க தம்பி. லேசாத் துடைக்கத்தான் சொன்னாங்க. நாந்தான் புத்தியில்லாம செங்கத்தூளைப் போட்டுத் தேச்சிட்டேன்."

சொர்ணாம்பாளுக்கு நான் படித்தது நன்றாக நினைவிருந்தது. அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் சட்டியை நாமே சுமந்து வந்து கொடுத்தோம் என்பதைவிட, வேலைக்காரி கெடுத்துவிட்டாள் என்பது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் அப்படித்தான்.

விளக்கு வைப்பதற்குள் ஏழு வீடும் அவளுக்கு இல்லை என்றாயிற்று. போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் அத்தனை பேர் நடுவில் மனதாரச் சொன்னதைப் பொய் என்று நிரூபித்து அவளை அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.