புழு கோர்க்காத முள்

— என்ன அத்தான், முள்ளுல புழுவே இல்லாம தண்ணியில விடுறீங்க?

— ஆங்?... இருக்குடா. உனக்குக் கண்ணு தெரியல.

— மூணு முள்ளு, மூணும் மொட்டை. வால்ஐ மீன் என்ன, வெண்டல் அத்தான் மூஞ்சியைப் பார்த்துட்டு ஆசையா வந்து கடிக்குமா?

— நீ உன் வேலையைப் பாரு, டோய்வோ.

— என் வேலை சரியாத்தான் இருக்கு. கீழ ஈயம், அதுல இருந்து ரெண்டு முழத் தூண்டில் நரம்பு, மஞ்சத் தகடு, கொழுத்த புழு. ஈயம் தரையைத் தொட்டுத் தொட்டுப் போகும், புழு ஒரு சாண் மேல மிதக்கும். மினசோட்டாவுல சின்னப் புள்ளைக்கும் தெரியும். நீங்க என்னடான்னா நங்கூரம் மாதிரி ஒரு ஈயத்தைக் கட்டி...

— அடியில ஒட்டி ஓடணும்ல. காத்து அடிக்குது.

— காத்தா? தண்ணி கண்ணாடியாட்டம் கிடக்கு. அதுவும் தினம் இதே பாறைத் திட்டு. இவ்வளவு பெரிய ஏரியில வேற எடமே இல்லையா?

— இங்கதான் பெரிசு கிடக்கு.

— பெரிசுன்னா... எவ்வளவு? ஒரு ஆள் உயரம் இருக்குமா?

— எதுக்குடா அப்படிக் கேக்குற?

— சும்மாத்தான். காபி ஊத்தட்டா?

— வேணாம். அந்தக் கருமத்தாலதான்...

— எந்தக் கருமத்தால?

— ஒண்ணுமில்ல, விடு.

— சரி விட்டுட்டேன். அக்கா எப்படி இருக்கா?

— இருக்கா. ஏன், உன் அக்காகிட்ட நீயே பேச வேண்டியதுதானே?

— எங்க பேசுறது? போனையே எடுக்க மாட்டேங்குறா. சனிக்கிழமை உங்க வீட்டுக்கு சவுனா நீராவிக் குளியலுக்கு வந்தேன். கதவைத் தெறந்தவ என் மூஞ்சியைப் பார்த்ததும் பட்டுன்னு சாத்திட்டா. நீங்களும் உள்ளதான் இருந்தீங்க.

— ஈர்யா குணம் உனக்குத் தெரியாதா... சரியாயிடுவா.

— நாளைக்கு அப்பா பொறந்த நாள். செத்ததுல இருந்து வருசா வருசம் அவரு தூண்டில்லதான் அக்கா மொத வீச்சு வீசுவா.

— தெரியும்.

— நாளைக்கு எதை வீசுவா அத்தான்?

— ...இரு, இரு! மாட்டிக்கிச்சு! கனமா வருது... வலையை எடு மச்சான், வலையை எடு!

— மெதுவா... மெதுவா இழுங்க...

— நீளமா தெரியுது பாரு! அதுதான்! அந்தக் கழியேதான்! ஆண்டவா...

— அத்தான், அது கட்டை. ஊறிப்போன பிர்ச் மரக் கெளை. என்ன கழின்னீங்க?

— ஒண்ணுமில்லடா.

— ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு கலங்குது?

— டோய்வோ... என்னைத் தூக்கி இந்தத் தண்ணியில போட்டுரு.

— அய்யய்யோ, எதுக்கு?

— மாமாவோட தூண்டிலை நான்தான் எடுத்துட்டு வந்தேன். ஈர்யா தொடாதேன்னு சொல்லியும் கேக்கல. காபி ஊத்தறதுக்காகப் படகு ஓரத்துல ஒரு நிமிசம் சாச்சு வெச்சேன். என்னமோ இழுத்துச்சு... சளக்குன்னு போயிடுச்சு.

— சரி, கை தவறிப் போச்சு. அதை அக்காகிட்ட அப்படியே சொல்ல வேண்டியதுதானே?

— சொல்லல...

— பின்ன என்ன சொன்னீங்க?

— கேக்காத. என் நாக்கு அழுகணும்.

— சொல்லுங்க அத்தான்.

— நீ இரவல் வாங்கிட்டுப் போயித் தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டேன். அவ கத்துன கத்துல வாயில மொதல்ல வந்தது உன் பேருதான். நீ என்னடான்னா தினம் என்கூட வந்து ஒக்காந்து, கேலி பண்ணி, காபி நீட்டுற... உன் மூஞ்சியைப் பார்க்கவே கூசுது மச்சான். ரெண்டு அறை வேணும்னாலும் அறை.

— நீங்க சொன்ன அன்னிக்கே அக்கா எனக்குப் போன் போட்டு, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டா. ஆமா, நான்தான் தொலைச்சேன்னு சொல்லிட்டேன். மறுநாளு நான் தனியா வந்தப்ப இதே எடத்துல அது என் முள்ளுல மாட்டுச்சு, நுனியில ஒரு மீனோட. அன்னியிலேருந்து தினம் படகுல ஏத்திட்டு வர்றேன், நீங்களா வாயைத் தெறந்தா கையில குடுத்துரலாம்னு... உங்களை இவ்வளவு நாளு தவிக்க விட்டதுக்கு எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. காலை எடுங்க அத்தான், நீங்க மிதிச்சுக்கிட்டிருக்கிற தார்ப்பாய்க்குள்ளதான் அப்பா தூண்டில் இருக்கு.