மூக்கைக் குத்தாத காற்று

முன்பெல்லாம் ஃபோன் மணி அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப்போடும். முதலாளி கூப்பிட்டால் உள்ளங்கை வேர்த்துவிடும். படுத்தால் நெஞ்சு தடதடக்கும். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, மனத்தைக் கவனியுங்கள் என்றார் டாக்டர். அப்படித்தான் ஐயா, நான் தியானத்துக்கு வந்தேன். கண்ணை மூடி, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருகிற எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கில் விட வேண்டும். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் தூக்கம் வந்தது. மனைவிமேல் எரிந்து விழுவதும் நின்றது.

ஷூ கம்பெனியில் நான் தொழிலாளர் நல அதிகாரி. ஷூவின் அடிப்பாகமான சோலில் பசை தடவி ஒட்டுகிற கூடம் என் பொறுப்பில் இருந்தது. வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஜன்னல் கிடையாது, நெடியை வெளியே தள்ள சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும். உள்ளே நுழைந்தாலே எனக்குக் குமட்டும். பசை நெடி, வியர்வை, மூலையில் யாரோ வாந்தி எடுத்துச் சரியாகத் துடைக்காத வாடை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவேன்.

தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்று அவர்கள் ஓயாமல் புலம்பினார்கள். எனக்கு இருந்த அதே தொல்லை என்று பட்டது. பசை டின்னில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அதையும் படித்தேன், மறைக்கவில்லை. இதே தொல்லைகள்தான் அதிலும் இருந்தன. ஆனால் ஒரு நோய்க்கு இரண்டு காரணம் சொன்னால், எதற்கு மருந்து நம் கையில் இருக்கிறதோ அதைத்தானே எடுத்துக்கொள்வோம்? எழுத்து சுவர்ப் பக்கம் போகும்படி டின்களைத் திருப்பி வைக்கச் சொன்னேன். படித்தால் வீண் பயம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தியானம் என்று ஆரம்பித்தேன். அந்த ஃபேன் லொடலொடவென்று பேயாட்டம் போட்டது. தியான நேரத்தில் அதை நிறுத்தினேன்.

வயதில் மூத்தவரை எல்லாரும் பெரியக்கா என்போம். அவர்தான் கேட்டார். "கண்ணை மூடச் சொன்னீங்க, மூடறோம். ஃபேனை எதுக்கு சார் ஆஃப் பண்றீங்க? மூச்சை வேற நல்லா இழுக்கச் சொல்றீங்க."

"நெடி வந்தா, வருதுன்னு மட்டும் கவனிங்க அக்கா. நல்லது கெட்டதுன்னு முத்திரை குத்தாதீங்க."

"நாங்க எங்க சார் குத்தறோம்? அதுதான் மூக்கைக் குத்துது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாதியில் சிலர் எழுந்து வெளியே போனதால் மற்றவர்களின் கவனம் கலைந்தது. அதனால் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடவைத்தேன். நான் உள்ளே உட்காரவில்லை. அந்த நாற்றத்தில் யாருக்கு ஐயா மனம் ஒருமைப்படும்? எதிரில் இருந்த என் அறையிலிருந்து மைக்கில் பேசினேன். நாளடைவில் புலம்பல் குறைந்தது. முதலாளி கூப்பிட்டுப் பாராட்டினார்.

நீங்கள் கேட்கிற அந்த நாளில், பசையில் கலக்கும் தின்னர் கேன் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. பெரியக்கா வாசலிலேயே மறித்தார். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க சார். உள்ள நிக்க முடியல. பொண்ணுங்க பயப்படுறாங்க."

"பயப்படுற அன்னிக்குத்தான் அக்கா இது ரொம்ப அவசியம்."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். தாழ் போட்டேன்.

சற்று நேரத்தில் கூடத்துக் கதவின் கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. பெரியக்காதான். வாயோரம் எச்சிலும் வாந்தியுமாக வழிந்து கண்ணாடியில் இழுபட்டது. எனக்கு அருவருப்பாக இருந்தது. அவருக்குப் பின்னால் சிலர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். என் நெஞ்சு பழையபடி தடதடக்க ஆரம்பித்தது. உள்ளங்கை வேர்த்தது. விட்டுத் தொலைந்தது என்று நினைத்த சனியன் திரும்பி வந்துவிட்டதே என்று ஆடிப்போனேன்.

கதவு கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் பதறிய மனத்தோடு எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது என்பதுதான் நான் கற்ற பாடம். கண்ணை மூடினேன். மைக் திறந்தே இருந்தது. "ஆழமாக மூச்சை இழுங்கள்" என்றேன், எனக்கும் அவர்களுக்குமாக. தட்டும் சத்தம் கேட்டது. கேட்கிறது என்று மட்டும் கவனித்தேன். பிறகு அதுவும் நின்றது.

முழுதாக அமைதி வந்த பிறகே எழுந்து போய்த் திறந்தேன். ஓடி வந்தவர்கள் சிலரை வெளியே இழுத்துப் போட்டுப் பிழைக்கவைத்தார்கள். பெரியக்காவும் இன்னும் நான்கு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஃபேனை நிறுத்தியது நான். தாழ் போட்டது நான். தட்டியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

ஆஸ்பத்திரி வாசலில் பெரியக்காவின் மகள் என் சட்டையைப் பிடித்து உலுக்கி முகத்தில் காறித் துப்பினாள். நான் துடைக்கவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு ஆறியது, அவ்வளவுதான். அவளுக்குத்தான் உடம்பெல்லாம் நடுங்கியது. பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒழுங்காக மூச்சு விட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.