தொட்டியைக் கழுவியவன்

ஆபரேட்டர்: ...கதவைச் சாத்திட்டு உக்காரு மாப்ள. நாத்தம் உள்ள வருது.

ஃபிட்டர்: சாத்தினாலும் வரும் மாமா. போன வாரம் வரைக்கும் கம்பெனிக் கழிவுத் தொட்டியில மழை பேஞ்ச மண்ணு வாடைதானே அடிச்சுது?

ஆபரேட்டர்: அப்ப பூச்சிங்க உசுரோட இருந்துது.

ஃபிட்டர்: கண்ணுக்கே தெரியாத பூச்சி. அதுக்கு இவ்வளவு துக்கமா?

ஆபரேட்டர்: எட்டு மாசம்டா! சாக்கடைச் சேத்துலேருந்து எடுத்துவந்து, கம்பெனிக் கழிவை மொத வாரம் ஒரு டம்ளர், அடுத்த வாரம் ரெண்டு டம்ளர்னு ஊத்தி, விஷத்தைத் திங்கப் பழக்கினேன். பெத்த புள்ளைக்கு அப்படி ஊட்டினதில்ல.

ஃபிட்டர்: அக்காவும் அதைத்தான் சொல்லும். புருஷன் பூச்சியோட குடித்தனம் பண்றாருன்னு. ஆமா, உங்க வீட்டு வாசல்ல கேன் கேனா தண்ணி அடுக்கியிருக்கே, என்ன விசேஷம்?

ஆபரேட்டர்: பேச்சை மாத்தாத. வெள்ளிக்கிழமை நான் லீவு. தொட்டியில என்னத்தைப் போட்ட?

ஃபிட்டர்: நானா? மோட்டாருக்கு பேரிங் மாத்தினேன்...

ஆபரேட்டர்: மாப்ள.

ஃபிட்டர்: ...மேனேஜர்தான் மாமா. பெரிய ஆளுங்க பாக்க வராங்க, மேல பழுப்பு நுரை அசிங்கமா கெடக்கு, சுத்தம் பண்ணுன்னாரு.

ஆபரேட்டர்: எதை வச்சு?

ஃபிட்டர்: பிளீச்சிங் பவுடர். ரெண்டு மூட்டை.

ஆபரேட்டர்: அடப்பாவி... அந்த நுரை இருந்தாத்தான்டா அதுங்க வேலை செய்யுதுன்னு அர்த்தம்!

ஃபிட்டர்: எனக்கு யாரு சொன்னா? அழுக்குன்னாரு, கழுவினேன். வந்தவங்க பளிச்சுன்னு இருக்குன்னு கைகூடக் குடுத்தாங்க.

ஆபரேட்டர்: குடுப்பாங்க.

ஃபிட்டர்: மறுபடி பழக்கிக்கலாம்ல?

ஆபரேட்டர்: இன்னும் எட்டு மாசம்... உன் பாப்பாவுக்கு எப்படி இருக்கு?

ஃபிட்டர்: வாந்தி நிக்கல. நாலு நாளாச்சு. கெணத்துத் தண்ணி ஆஸ்பத்திரி வாடை அடிக்குதுன்னு குடிக்க மாட்டேன்னுது. மருந்து போட்டிருப்பாங்க, குடின்னு நான்தான் அதட்டி...

ஆபரேட்டர்: ம்.

ஃபிட்டர்: மாமா... பூச்சி செத்துப்போச்சு. ஆனா கம்பெனி ஓடுது. கழிவெல்லாம் எங்க போவுது?

ஆபரேட்டர்: மேனேஜரைக் கேளு.

ஃபிட்டர்: உங்களைத்தான் கேக்குறேன். நம்ம கெணத்தை ஒட்டிப் போற வாய்க்காலுக்கா? ரெண்டு வீட்டுக்கும் ஒரே கெணறு. உங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல... அந்தக் கேனுங்க... எப்பலேருந்து?

ஆபரேட்டர்: சனிக்கிழமை.

ஃபிட்டர்: அக்காவுக்குச் சொல்லத் தெரிஞ்சுது. சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

ஆபரேட்டர்: உங்க அக்காகிட்ட கெணத்துத் தண்ணி வேணாம்னு மட்டும்தான் சொன்னேன். அவ ஏன்னு கேக்கல. நீ கேப்ப மாப்ள... வாய்க்கா வால்வைத் தொறந்தது நான்தானே.