தட்சணாமூர்த்தி மாடியில் உமரி

என் மனைவி சூர்யகலாவுக்கு ஆறு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் விலை படிந்தது. அந்த இருபதாயிரம் நான் பேசி ஏற்றியது. துக்க வீட்டில் உட்கார்ந்து ஒருவன் பேரம் பேசுவானா என்று நீங்கள் நினைக்கலாம், ஐயா. என் அப்பா மரக்காணத்தில் உப்புத் தரகர். மூட்டைக்கு எட்டணா வித்தியாசத்துக்காக மதியச் சாப்பாட்டையே ஒத்திப்போட்டவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். எதிரில் இருப்பவர் ஒரு தொகை சொன்னால் என் வாய் தானாக அடுத்த தொகையைச் சொல்லிவிடும். அன்றைக்கும் சொல்லிவிட்டது.

பெயர் மாயவன். வயது ஐம்பத்து மூன்று. கூனிமேட்டில் ஈசிஆர் ரோட்டோரம் நர்சரி வைத்திருக்கிறேன்.

விலை போட்டவர் தட்சணாமூர்த்தி. அவருடைய பழைய விடுதியில் சூர்யகலா சமையல் பார்த்தாள். பின்வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தவள் மேல் சன்ஷேடு விழுந்தது. செலவு மிச்சம் என்று கடற்கரை மணலைக் கழுவாமல் கலந்து கட்டியிருந்தார். உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த கம்பியை உப்பு தின்றிருந்தது. விரலில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கடைசி மூச்சு வரை அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் சரஸ்வதி, கூட வேலை பார்த்த அனுமந்தைக்காரி. விபத்து என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பணத்தை எண்ணி முடித்தபோது தட்சணாமூர்த்தி என் தோளில் தட்டினார். "நீ வெவரமான ஆளு மாயவா. வேற எவனாவது இருந்தா அழுதுகினே ஆறுக்கு ஒத்துக்கினு போயிருப்பான்," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பத்து வரை போகலாம் என்று அவர் மனதில் வைத்திருந்தது பிறகு அவர் டிரைவர் சொல்லித் தெரியும். அதை ஒரு காரணமாக எழுத வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து அதே மனிதர் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு என் நர்சரிக்கு வந்தார். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிப் புது விடுதி கட்டுகிறாராம். மொட்டை மாடி முழுக்க மண் பரப்பிச் செடி வளர்க்க வேண்டுமாம். கீழே அறை குளிரும், மேலே பார்க்க அழகு, வாடகையும் ஏறும். அந்தப் பெண் ரேகா, கட்டடத்துக்கு வரைபடம் போட்டவள், சென்னைக்காரி, கெட்டிக்காரி.

"நேட்டிவ் செடியா வேணும் அண்ணா. வெயில், உப்புக்காத்து ரெண்டும் தாங்கணும். தண்ணி கேக்கக் கூடாது, ஆழமா மண்ணும் கேக்கக் கூடாது," என்றாள்.

"எதுவுமே கேக்கக் கூடாதா? அப்படி ஒரு ஆளு கெடைச்சா ஒங்க மொதலாளி வேலைக்கே வச்சிக்குவாரு மேடம்," என்றேன்.

தட்சணாமூர்த்திதான் அதிகம் சிரித்தார். காசு வாங்கிக்கொண்ட ஆளிடம் பகை மிச்சமிருக்காது என்பது அவர் கணிப்பு. வியாபாரிக்கு அந்த நினைப்பு இயல்பு, எனக்கும் இருந்திருக்கும்.

ஒரு கோடைகாலம் அவகாசம் கேட்டேன். நர்சரிக் கொட்டகை மேல் நான்கு விரல் ஆழத் தட்டுகளில் மண் நிரப்பி, வகைக்கு ஒன்றாக நட்டு, தண்ணீரை நிறுத்தினேன். லான் புல் பதினொரு நாளில் வைக்கோலானது. டேபிள் ரோஸ் சித்திரை முடியும்வரை முனகிக்கொண்டு கிடந்தது. அடும்புக் கொடி தட்டை விட்டு இறங்கி, வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது. பிரண்டை பிழைத்தது. உமரிதான், உப்பளத்து வரப்பில் கேட்பாரில்லாமல் கிடக்குமே, அது, ஆடியிலும் விரல் விரலாகப் பருத்துச் சிவந்து நின்றது. அந்தத் தேர்வில் ஒரு பித்தலாட்டமும் இல்லை. இன்றைக்கு எவர் கேட்டாலும் இந்தக் கரைக்கு அதே பட்டியலைத்தான் தருவேன்.

ரேகா வரைபடத்தை என் மேசையில் விரித்தாள். நிலப்பக்க மாடிக்குச் செம்மண், பிரண்டை, சிறுபீளை என்று முடிவானது. கடல்பக்கம் உப்புக்காற்று நேரே அறையும் இடம். அங்கே உமரியைத் தவிர வேறு எதுவும் நிற்காது. அந்தப் பாத்திக்கு நேர் கீழே என்ன அறை என்று கேட்டேன். சாரோட ஆபீஸ் ரூம் என்றாள்.

உமரிக்கு உப்பு மண் வேண்டும். நல்ல மண்ணில் இளைத்துப்போகும். அதையும் சொன்னேன். இரண்டு விலையும் சொன்னேன். செம்மண்ணில் மணல் கலந்து, அளவாக உப்புச் சேர்த்துப் பக்குவம் செய்தால் ஒரு விலை. உப்பளத்து வரப்பு மண்ணை அப்படியே அள்ளி வந்தால் லாரி வாடகை மட்டும்.

"மண்ணு சும்மா கெடைக்குதுன்னா எதுக்கும்மா காசு குடுத்து வாங்கணும்?" என்றார் தட்சணாமூர்த்தி.

"சார், அது இரும்புக்கு ஆகாது. அந்த ரூம் கூரைக்கு இரும்புத் தகடு போட்டு, மேல லேசாத்தான் கான்கிரீட் போட்டிருக்கோம்," என்றாள் ரேகா.

"தண்ணி எறங்காத ஷீட்டு விரிக்கிறீங்கல்ல மேடம்? அது கிழியாத வரைக்கும் ஒண்ணும் ஆவாது," என்றேன். அதுவும் உண்மை.

அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஷீட்டை விரித்து, மூன்று நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி, சொட்டுக் கசிவில்லை என்று பார்த்த பிறகுதான் ஊருக்குப் போனாள். மறுநாள் நான் மண் பரப்பப் போனேன். பதியன் போடும் கத்தியால் ஷீட்டில் ஏழு இடம் கீறினேன். ஒவ்வொன்றும் ஒரு சாண், ஏழும் அந்த அறையின் இரும்பு உத்திரங்களுக்கு நேர் மேலே. மழைத்தண்ணீர் வடியும் குழாய் வாயில் தென்னைநார் அடைத்தேன். பராமரிப்புக்கு மாதம் ஒரு நாள் போகும்போது, உப்பளத்தில் உப்பு படியும் பாத்தியிலிருந்து கடுத்த தண்ணீரை இரண்டு கேனில் கொண்டுபோய் உமரிக்கு விட்டேன்.

செடி அமோகமாக வந்தது. விருந்தாளிகள் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கீழே இருந்து பார்த்தால் வெள்ளை ஃபால்ஸ் சீலிங். அதற்கு மேலே தகடு என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. நான்கு மழைக்காலம் பிடிக்கும் என்று கணித்திருந்தேன். எனக்கு அவசரமில்லை. ஏழு கீறலுக்கும் கீழே அவர் நாற்காலியில் சாய்ந்து யாரிடமாவது விலை குறைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் நன்றாகத் தூக்கம் வந்தது.

மூன்றாவது கோடையில் நான் கேன்களோடு படியேறப் போனபோது, அந்த அறையிலிருந்து சரஸ்வதி வந்தாள். அவளும் புது விடுதிக்கே வேலைக்கு வந்திருந்தாள்.

"வாங்கண்ணே. எல்லாம் ஒங்க செடி புண்ணியம். வெளிய அனலடிக்குது, உள்ள ஃபேனே வேணாம். நம்ம சூர்யா இருந்தா இங்கியே கால நீட்டிப் படுத்திருப்பா," என்றாள்.

"மொதலாளி எங்க?"

"அவரு ரோட்டுப் பக்கம் புது ஆபீசுக்குப் போயிட்டாரு. இந்த ரூம பொம்பளைங்க ஓய்வெடுக்கக் குடுத்துட்டாரு. ஏசி போட வேணாமே, அதான் அவருக்கு மனசு வந்துடுச்சி."

டீ கொடுத்தாள். குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.

கேன்கள் படியோரம் நின்றன. சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சொன்னால் மண்ணை அள்ளுவார்கள், ஷீட்டைப் பார்ப்பார்கள், தகட்டை மாற்றுவார்கள், தட்சணாமூர்த்தி தப்பிவிடுவார். அதோடு அவர் கஞ்சர். அடுத்த கரண்ட் பில் வந்ததும் இந்தக் குளிர்ந்த அறைக்கே திரும்பி வந்துவிடுவார் என்றும் எனக்கு நம்பிக்கை இருந்தது. கேன்களைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். அதன் பிறகும் பதினெட்டு முறை போனேன். அவர் வரவில்லை.

போன தீபாவளி கழிந்து சரஸ்வதி என்னை உள்ளே கூப்பிட்டுச் சீலிங்கைக் காட்டினாள். தட்டு அகலத்தில் பழுப்புக் கறை. "மழத்தண்ணி கசியுதா பாருங்கண்ணே. படுக்கவே பயமா இருக்குது."

"செடி இருந்தா ஈரம் காட்டத்தான் செய்யும். பயப்படாம படு," என்றேன்.

இந்த வேலை முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், ஐயா.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மண் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. மூன்றாம் நாள் மதியம் இரண்டரை மணிக்கு, சாப்பிட்ட கையோடு சரஸ்வதி சற்றுத் தலைசாய்த்திருந்த நேரம், கடல்பக்கக் கூரை இறங்கியது. மற்றப் பெண்கள் சமையற்கட்டில் இருந்தார்கள். அந்த மட்டும் நல்லது.

தட்சணாமூர்த்தி அவள் வீட்டுக்குப் போய் ஒரு தொகை கொடுத்தார். அவள் புருஷன் கவரைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டான். இதையும் விபத்து என்றே எழுதினார்கள். மழையால் என்று வேறு சேர்த்தார்கள். அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். இடிந்த மண்ணை ஒதுக்கினால் ஷீட் கிடைக்கும். எலி கடித்த மாதிரி இருக்காது. நேர்கோடாக ஏழு கீறல் இருக்கும். நான்கு வருட வேலையை மழையின் பேரில் எழுத விட எனக்கு மனமில்லை.

கடைசியாக என் கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சன்ஷேடால் போனது சூர்யகலா. என் உமரியால் போனது சரஸ்வதி. ஒன்றுக்கு ஒன்று. இதில் அவர் தரப்பில் யாருமே போகவில்லையே என்று கேட்கிறீர்கள். வாஸ்தவம்தான். அது அவர் தர வேண்டிய பாக்கி. நான் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை.