ஆறாவது வீட்டு அடுப்பு

கம்பெனி எனக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூறு ரூபாய். வீட்டுக்கு முந்நூறு வீதம் ஆறு வீடு. பெரிய தொகை இல்லை. வண்ணார்பேட்டை லாரி செட்டில் மூட்டை தூக்கிய காலத்தில் இரண்டு நாளில் பார்த்திருப்பேன். முதுகு போன பிறகு முந்நூறுக்கு வேறு மதிப்பு வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதிக்கொள்ளட்டும் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். ஐம்பத்தோரு வயதில் கற்ற எழுத்து. மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

வேலை இதுதான். கம்பெனி புதிதாக ஒரு கேஸ் அடுப்பு செய்திருக்கிறது. பிள்ளைகள் திருகிவிடாதபடி, அமுக்கித் திருப்புகிற குமிழ் வைத்தது. கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் சாதாரண ஜனங்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டி, அவர்கள் பால் காய்ச்சுவதை நின்று பார்த்து, படிவத்தில் எழுத வேண்டும். அடுப்பை மூன்று நாள் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். தூக்கவும் ஆள் வேண்டும், எழுதவும் ஆள் வேண்டும். இரண்டுக்கும் நான் ஒருத்தனே போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாதுரி மேடம் என்று ஒரு சின்னப் பெண்தான் எங்களுக்கு அரைநாள் பாடம் எடுத்தார்.

"அண்ணாச்சி, அவங்களுக்கு எதுவும் சொல்லிக் குடுக்கக் கூடாது. கையால தொடக் கூடாது. முகத்துலகூடக் காட்டக் கூடாது. தப்பு பண்ணினா பண்ணட்டும். நாம சோதிக்கது அடுப்பைத்தான், ஆளை இல்ல."

"அப்போ பாத்துக்கிட்டுச் சும்மாவா நிக்கது?" என்று கேட்டேன்.

"சும்மா நிக்கதுக்குத்தான் அண்ணாச்சி துட்டு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சும்மா நிற்பது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம். முதல் வாரம் ஓர் அம்மாள் குமிழோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து நானே அதைத் திருப்பிவிட்டேன். உண்மையையும் சொன்னேன். மேடம் அந்தப் படிவத்தின் குறுக்கே கோடு போட்டுவிட்டார். முந்நூறு போயிற்று. அதன் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழகினேன்.

அடுப்பில் ஒரு குறை இருந்தது. அணைக்கும்போது டிக் என்று சத்தம் வரும், தீயும் போய்விடும். கேஸ் மட்டும் நிற்காது. இன்னொரு தடவை அமுக்கித் திருப்பினால்தான் நிற்கும். கணக்கில் வந்த ஐந்து வீட்டில் நான்கு வீட்டார் டிக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாடை வரும். மூக்கைச் சுளித்துக்கொண்டு அவர்களே வந்து சரியாக மூடுவார்கள். நான்கையும் நேரத்தோடு எழுதினேன்.

"ஒங்க ஃபாரம்தான் அண்ணாச்சி சுத்தம். ஆறும் முடியட்டும், மொத்தமா கம்பெனிக்கு அனுப்பிருதேன்" என்றார் மேடம், படித்துப் பார்த்துவிட்டு. ஆக, குறை தெரிந்தவன் நான் மட்டும் இல்லை. அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது வீடு குறுக்குத்துறையில் சண்முகசுந்தரி டீச்சர் வீடு. எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற பிறகு, லாரி செட்டு ஆட்களுக்குச் சாயங்காலம் சம்பளமில்லாமல் வகுப்பு நடத்தினார். எனக்குக் கண்ணாடிகூட அவர்தான் வாங்கித் தந்தார். நல்லவர். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயைத் திறந்து சொல்லித் தரமாட்டார். "நான் சொன்னா அது எம் படிப்பு. நீரா கண்டுபிடிச்சாத்தான் உம்ம படிப்பு" என்பார். ஒருநாள் என் பெயரைப் பலகையில் எழுதச் சொன்னார். சாக்குக்கட்டியைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் இருபது பேர். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "பதினோரு நிமிஷம். கொம்பையா, மூட்டையத் தூக்குத கை ஒரு எழுத்தத் தூக்க மாட்டேங்குதே" என்றார். சிரிப்பு. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஏழு வருடம் ஆகிறது. செட்டில் சிலர் இன்னும் என்னைப் பதினொண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அடுப்போடு டீச்சர் வீட்டுக்குப் போன அன்று ஆனி மாதக் காற்று. தீ அணைந்துவிடும் என்று அடுக்களைச் சன்னலைச் சாத்தியிருந்தார். நான் அடுப்பை மாட்டினேன். டீச்சர் குமிழைத் திருப்பினார், வரவில்லை. இழுத்தார், வரவில்லை. நான் கையைப் பின்னால் கட்டியிருந்தேன்.

"ஏன் கொம்பையா, சொல்லிக் குடுத்தா என்ன கொறஞ்சா போயிருவீரு?"

"சட்டம் அப்படி டீச்சர். நீங்களா கண்டுபிடிக்கணும்."

"அட பாவி! எம் பாடத்த எனக்கே நடத்துதீரா?" என்று சிரித்தார். நெற்றியில் வேர்வை. ஒன்பது நிமிடம் ஆயிற்று. என்னைவிட இரண்டு நிமிடம் குறைவு. என்ன இருந்தாலும் டீச்சர் அல்லவா.

பால் பொங்கும்போது அவரே சொன்னார்: "கொரோனா வந்துட்டுப் போனதுல இருந்து மூக்கு செத்துப்போச்சு. மல்லிப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான்." படிவத்தில் 'மற்ற விவரம்' என்று ஓர் இடம் உண்டு. 'வாசனை தெரியாது என்றார்' என்று எழுதினேன்.

பிறகு அணைத்தார். டிக். கையை எடுத்துவிட்டார்.

மற்ற வீடுகளில் காத்திருந்த மாதிரியே காத்திருந்தேன். வாடை எனக்கு வந்தது. கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "அடுப்பை அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சுய்யா. அதையும் எழுதிக்கிடும். இனி மூணு மணிக் காப்பிக்குத்தான் பத்த வைக்கணும்."

'மூடியதாக நினைக்கிறார். மூடவில்லை. 11.40' என்று எழுதினேன். "கதவைச் சாத்திட்டுப் போம், ஒரே தூசி" என்றார். சாத்திவிட்டு வந்தேன்.

நான் என்ன செய்திருக்க முடியும்? சொன்னால் படிவம் கெடும், முந்நூறு போகும். என் நிலைமையில் இருந்தால் உங்களுக்கும் வாய் வந்திருக்காது. நேற்று வரைக்கும் இதைத்தான் உங்களிடம் சொன்னேன். மேடமிடமும் சொன்னேன். அவர் அழுதுகொண்டே படிவத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், பொடி எழுத்தில் ஒரு வரி: 'ஆபத்து என்று தெரிந்தால் உடனே சோதனையை நிறுத்தவும். அந்த வீட்டுக்கும் முழுத் தொகை உண்டு.'

"இதைப் படிக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டார். கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

படித்திருந்தேன், ஐயா. முதல் நாளே படித்துவிட்டேன். எந்தக் காகிதம் கொடுத்தாலும் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும் என்பது டீச்சர் சொன்னது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. பட்டியலில் அந்த வீடு முதலில் என்னோடு இதே வேலை பார்த்த பாபநாசம் என்பவருக்குத்தான் போட்டிருந்தது. டீச்சர் பெயரைப் பார்த்து நான்தான் கேட்டு மாற்றிக்கொண்டேன். அவர் ஒருநாள் திணறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஜங்ஷன் போகிற பஸ் ஏழோ எட்டோ வந்து போயிற்று. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். திரும்பவும் உட்கார்ந்தேன். வெடிச் சத்தம் கேட்டதும் மணி பார்த்தேன். மூன்று ஐந்து. அதையும் எழுதினேன். டீச்சர் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கம்பெனி அடுப்பை நிறுத்திவிட்டதாம். இனி ஒரு வீட்டுக்கும் அது போகாது. இன்று காலை என் மகள் பிருந்தா வந்து சொன்னாள், பணம் வங்கியில் ஏறிவிட்டது, ஆயிரத்து எண்ணூறும், அந்த வீட்டுக்கும் சேர்த்து. யாரும் எனக்கு இனி ஒன்றும் தர வேண்டியதில்லை.

அந்தப் படிவம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஒருதடவை படித்துப் பாருங்கள், ஐயா. டீச்சர் பார்த்திருந்தால்கூட அதில் ஒரு பிழை கண்டுபிடித்திருக்க முடியாது.