அட்டையில் கருப்பம்மாள்

— கோவிச்சுக்கிறாதீக குமாஸ்தய்யா, அந்த இடத்தை இன்னொருக்கா வாசிங்க. வேகமா வாசிச்சா எங்க மதினிக்குக் காதுல ஏறாது.

— எனக்கு ஏறும். உன் வாயிதான் குறுக்க நிக்குது கருப்பு. நீ கம்முன்னு இருந்தாப் போதும்.

— நாத்தனாளும் மதினியும் மிச்சச் சண்டையை வீட்டுல போயிப் போட்டுக்கங்க தாயி. விசயத்துக்கு வருவோம். வக்கீலய்யா கோர்ட்டுல இருந்து சாப்பாட்டுக்கு வர்றதுக்குள்ள நான் நோட்டீசை எழுதி வைக்கணும். வாசிக்கிறேன், கேளுங்க. ‘எனது கட்சிக்காரர், நாச்சியாபுரம் சேவுகன் மனைவி அக்கம்மாள், வயது இருபத்தெட்டு, காரைக்குடியில் ஓர் அரிசி ஆலையில் கூலி வேலை செய்தவர். சென்ற 1976ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மேற்படி ஆலையில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில், அவருடைய சம்மதம் பெறாமலும், மருந்து இன்னதென்று சொல்லாமலும், மூன்று மாத காலம் கருத்தரிக்காமல் தடுக்கும் ஊசி அவருக்குப் போடப்பட்டது. அன்று முதல் அவருக்கு இடைவிடாத உதிரப்போக்கு...’

— அன்று முதல்னு எழுதாதீக அய்யா. அன்னிக்கு ஒண்ணுமில்ல. கை கடுத்துச்சு, அவ்வளவுதான். பதினஞ்சாம் நாள்லருந்துதான் பட ஆரம்பிச்சது.

— நல்லதாப் போச்சு, சொன்னியே. ‘பதினைந்தாம் நாள் முதல்’. எத்தனை மாசம்?

— அஞ்சு மாசம். ஒருநாள் விடல.

— அஞ்சு மாசமும் எங்க ஆத்தா இவுகளை அடுப்படிக்குள்ள விடல குமாஸ்தய்யா. தீட்டுன்னு கொட்டகைல உக்கார வச்சிருச்சு. எங்க அண்ணந்தான் சமையல். அதையும் நோட்டீசுல எழுதுங்க. அவரு வச்ச ரசத்தைக் குடிச்ச குத்தத்துக்கே அந்த டாக்டருக்கு ரெண்டு வருசம் போடலாம்.

— அந்த மனுசனைச் சொல்லாத புள்ள. அவரு ஆக்கிப்போடலேன்னா நான் செத்திருப்பேன். இந்தா, இவளும்தான் அய்யா. மூணு பிள்ளையைப் பெத்து வச்சிருக்கிறவ. விடியுமுன்ன எந்திரிச்சு வந்து என் துணியை எல்லாம் வாரிக்கிட்டு ஊருணிக்குப் போயிருவா. கூடப்பிறந்தவளும் அதைச் செய்ய மாட்டா. வேண்டாம்னு சொன்னா என்னையத்தான் வைவா.

— அதை எதுக்கு இப்ப எடுக்குறீக. மேல வாசிக்கச் சொல்லுங்க.

— ரத்தம் நின்ன பிறகு என்ன ஆச்சு தாயி? கூச்சப்படாத. நானும் நாலு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன்.

— நின்னது நின்னதுதான். இப்பப் பங்குனி. அஞ்சு மாசமா வீட்டு விலக்குங்கிற பேச்சே இல்ல. நான் ஒரு பிள்ளை பெத்தேன் அய்யா. பெத்து ஏழாம் நாள் போயிருச்சு. அதுக்கப்புறம் உண்டாகும் உண்டாகும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். மூணு பெத்தவகளுக்குப் போடுற ஊசியை, ஒண்ணுமில்லாதவளுக்குப் போட்டு விட்டுட்டாக. செக்காலை ரோட்டுல ஒரு டாக்டரம்மாகிட்டப் போனோம். நல்லாத்தான் பேசுனாக. என்ன மருந்து ஊசியில ஏத்துனாகன்னு கேட்டாக. எனக்கு என்ன தெரியும். அது தெரிஞ்சா இது எத்தனை நாள் உடம்புல தங்கும், என்ன குடுக்கலாம்னு பாக்கலாம், தெரியாம நான் எதையாவது குடுத்து இன்னும் கெடுத்துறக் கூடாதேன்னு சொல்லி அனுப்பிட்டாக.

— முகாம் டாக்டரைப் போய்க் கேக்கலையா?

— கேக்காம? ஆறு தடவை போனோம். மருந்துப் பேரைக் கேட்டா, நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியாங்கிறாரு. எங்க அண்ணன் கொஞ்சம் சத்தம் போட்டாரு. அப்ப எமர்ஜென்சியில இருந்த கெடுபிடி உங்களுக்குத் தெரியுமில்ல. போலீசைக் கூப்பிடுவேன்னாரு. அன்னிக்குப் பயந்த மனுசன், இன்னிக்கும் மாடியேற மாட்டேன்னு கீழ டீக்கடையில உக்காந்திருக்காரு.

— இப்பத்தான் தேர்தல் முடிஞ்சிருச்சே. இனிமே பயமில்லாம எழுதலாம்னு வக்கீலய்யாவே சொல்லிட்டாக. விசயத்துக்கு வருவோம். உனக்கு மூணு வழி இருக்கு தாயி, கேட்டுக்க. எதிர்த்தரப்பு சர்க்கார் டாக்டர். அதனால எடுத்தவுடனே வழக்குப் போட முடியாது. ரிஜிஸ்தர் தபால்ல நோட்டீசு அனுப்பி, ரெண்டு மாசம் பொறுக்கணும். பதில் வரலேன்னா இங்கன தேவகோட்டை சப்கோர்ட்டுலயே நட்டஈட்டு வழக்குப் போடலாம். கோர்ட்டு ஸ்டாம்புக்கு வழியில்லாதவகளுக்குப் பாப்பர் மனுன்னு ஒண்ணு இருக்கு. சொத்துப்பத்து இல்லேன்னு உங்க ஊரு கர்ணம் எழுதிக் குடுக்கணும்.

— அதுல அவருக்கு என்ன சிரமம். எங்க வீட்டுக் கூரையில எங்கெங்க ஓட்டைன்னு அவருக்கே தெரியும்.

— ரெண்டாவது, மாஜிஸ்திரேட்டுக்கிட்டப் பிராது. சர்க்கார் உத்தியோகஸ்தர் மேல பிராதுன்னா மேலிடத்து அனுமதி வேணும்பாக, இழுத்தடிக்கும். மூணாவது, மெட்ராசுல டாக்டர்மாருக்குன்னு ஒரு கவுன்சில் இருக்கு. அதுக்கு மனு எழுதிப் போடலாம். அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாக. உன் கைக்கு ஒண்ணும் வராது.

— இந்த மூணுல எதுல மருந்துப் பேரைச் சொல்லுவாக?

— என்னது?

— எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அய்யா. அது என்ன மருந்துன்னு ஒரு தாளுல எழுதிக் குடுக்கணும். எந்த வழியில போனா எழுதுவாக?

— அப்படிக் கேக்குறியா. வழக்குப் போட்டா, முகாம் ரிஜிஸ்தரைக் கொண்டான்னு கோர்ட்டுல உத்தரவு வாங்கலாம். அதுல மருந்து, மருந்து செஞ்ச கம்பெனி எல்லாம் இருக்கணும்.

— அப்ப அந்த வழியே போவோம்.

— போவோம். ஆனா சுணங்கக் கூடாது. சர்க்கார் காரியம்னு சொல்லிட்டாகன்னா ஒரு வருசம்தான் கெடுன்னு வக்கீலய்யா பயப்படுறாக. அதுக்கு இன்னும் இருபது நாளு இருக்கு. அதுக்குள்ள நோட்டீசு போயிட்டா, காத்திருக்கிற ரெண்டு மாசத்தைக் கெடுவுல சேக்க மாட்டாக. சரி, உனக்கு ஊசி போட்டதுக்கு என்ன அத்தாட்சி வச்சிருக்க?

— அட்டை குடுத்தாக. கருப்பு, எடுத்துக் குடு.

— இந்தாங்க.

— இது... தாயி, இதுல கருப்பம்மாள்னு இருக்கு. கணவர் பெயர் சத்தியமூர்த்தி. குழந்தைகள் மூணு. உன் அட்டை எங்க?

— அதுதான் என் அட்டை. அதுல இருக்கிற பேருதான் இவ பேரு.

— நான் சொல்றேன் குமாஸ்தய்யா. மில்லுல எங்களுக்குப் பேர்ப்பதிவு உண்டு. நெல்லு அவிக்க, களத்துல காயப்போட்டுத் துழாவ, இத்தனை பேருன்னு நோட்டுல இருக்கும். அந்தப் பேரை வாங்குறதுக்கு நான் ரெண்டு வருசம் மேஸ்திரிகிட்டத் தொங்கினேன். நமக்கு மேலுக்கு முடியலேன்னா பதிலுக்கு ஆளு அனுப்பணும். அனுப்பலேன்னா பேரை அடிச்சிருவாக. பதிலுக்குப் போறவ நம்ம பேருக்குத்தான் வேலை செய்யணும். எனக்கு முடியாதப்பல்லாம் மதினிதான் போவாக.

— அன்னிக்கு இவளுக்குக் காச்சல். நான் போயிருந்தேன். மத்தியானம் வேன் வந்துச்சு. எல்லாரையும் களத்தோரமா வரிசையில நிறுத்துனாக. மேஸ்திரி நோட்டைப் பாத்து வாசிச்சான். கருப்பம்மாள்னான். நான் இருக்கேன்னு சொன்னேன்.

— என்ன ஊசின்னு கேக்கலையா நீ?

— சத்து ஊசின்னு பேசிக்கிட்டாக. அந்த நர்சம்மா என் மூஞ்சியக்கூடப் பாக்கல. கையை நீட்டுன்னாக. பதிலாளு, இல்ல வேண்டாம்னு சொல்லி வம்பு பண்ணுனா யாரு பேரு போகும்? இவ பேருதானே. நீட்டிட்டேன்.

— என்ன தாயி இப்படி ஒரு காரியம் பண்ணிட்ட. அக்கம்மாளுன்னு ஒருத்திக்கு நாங்க ஊசியே போடலேன்னு ஒரே வரியில பதில் எழுதிருவாகளே. அப்புறம் ரிஜிஸ்தர் எங்க, மருந்துப் பேரு எங்க.

— அதுக்கென்ன, நானே வழக்குப் போடுறேன். அட்டையும் என்னுது, பேரும் என்னுது. கூண்டுல ஏறி நான் அழுற அழுகையில ஜட்ஜு துண்டை நனைச்சிருவாரு பாருங்க.

— அவரு துண்டை நனைப்பாரு, அதுக்கப்புறம் உன்னைய உள்ள வைப்பாரு. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றது வெளையாட்டு இல்ல. ஒரே ஒரு வழி இருக்கு. வழக்கு அக்கம்மா பேருல இருக்கட்டும். நீ சாட்சிக் கூண்டுல ஏறி, அன்னிக்கு எம்பேருக்கு இவதான் வேலைக்குப் போனான்னு நடந்ததைச் சொல்லணும். அப்படிச் சொன்னா...

— மேஸ்திரி பேரை அடிச்சிருவான். அடிச்சா அடிக்கட்டும். எழுதுங்க.

— எழுதாதீக அய்யா. ஏ புள்ள, உனக்கு மூணு பிள்ளை. சத்தியமூர்த்தி தம்பி முதுகுல அடிபட்டு ஒண்ணரை வருசமா உக்காந்திருக்காரு. உன் பேரு போச்சுன்னா எதைத் திம்பீக?

— கல்லு உடைப்பேன். ரோட்டுக்குத் தார் ஊத்துவேன். உங்களுக்கு என்ன.

— எனக்கு என்னவா? வேண்டாம்னா வேண்டாம். நான் பிள்ளை பெறுறதுக்கு உன் பிள்ளைக பட்டினி கிடக்கணுமா. ஊருக்குப் போவோம் வா.

— ஒக்காருங்க மதினி. அய்யா, நீங்க எழுதுங்க. என் பேரு, சாட்சி, கருப்பம்மாள்.

— ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி விட்டுக் குடுத்து என் மையைக் காய வைக்காதீக. சாட்சியை அப்புறம் பாக்கலாம், நோட்டீசுக்கு வேண்டியதை முதல்ல குறிச்சுக்கிறேன். ஊசி போட்ட தேதி... ஏப்ரல் பத்தொம்பது. அதுக்கு மேல ஜனவரி இருபது. தாயி, ரெண்டு ஊசியா போட்டுக்கிட்ட? ஒண்ணுன்னுதானே சொன்ன?

— ஒண்ணுதான்.

— ரெண்டு தேதி இருக்கே. ரெண்டுலயும் நர்சு கையெழுத்து இருக்கு. மருந்துப் புட்டி நம்பர்கூட வேற வேற.

— அந்தத் தை மாசம் நான் இவளுக்குப் பதிலா போகவே இல்லையே. ஏ கருப்பு, ஜனவரியில என்ன?

— வக்கீலய்யா வந்துருவாக, மேல எழுதச் சொல்லுங்க மதினி.

— அட்டையை இவகிட்டத் திருப்பிக் காட்டுங்க அய்யா. மறந்திருப்பா.

— மறக்கல மதினி. மொதோ ஊசி எனக்குப் போட்டது.

— உனக்கா?

— ஆமா, அட்டையை அப்ப நர்சம்மாவே வச்சுக்கிட்டாக. எனக்கும் நிக்கல. தண்ணியா ஓடுச்சு. சேலையை நாலா மடிச்சு உள்ள வச்சுக்கிட்டுக் களத்துல நின்னேன். சூட்டு உடம்பு, எனக்கு மட்டுந்தான் இப்படின்னு வெந்தயத்தை வாரி வாரி முழுங்குனேன். ஏப்ரல்ல ரெண்டாம் தவணைக்கு வேன் வருது, போடாதவ பேரு நோட்டுல இருக்காதுன்னு மேஸ்திரி சொன்னான். அன்னிக்குத்தான் காச்சல்னு படுத்துக்கிட்டு உங்களை அனுப்புனேன். காச்சல் இல்ல மதினி.

— பின்ன எதுக்கு என்னைய அனுப்புன?

— ஆளு மாறியிருக்குன்னு நர்சம்மா கண்டுக்கிருவாக, உங்களைப் போடாம அனுப்பிருவாக, எம்பேரும் தப்பிச்சிரும்னு நெனச்சேன். மூஞ்சியப் பாக்காமலே போடுவாகன்னு நெனக்கல. சத்தியமா நெனக்கல.

— அஞ்சு மாசம் என் துணியை அலசிப் போட்டியே. தலை வாரி விட்டியே. அத்தனை நாளும் இதை வாய்க்குள்ளயே வச்சிருந்தியா?

— ஆமா மதினி.

— இந்தா தாயி, நான் ஒண்ணு சொல்றேன். இதை வக்கீலய்யாகிட்ட மறைக்கவும் முடியாது. இந்தப் பிள்ளை கூண்டுல ஏறுனா எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தொங்குவாரு. வேண்டாம்னா சொல்லு, எழுதுனதை இங்கனயே கிழிச்சுப் போடுறேன். முடிவு உன்னுது.

— கிழிக்காதீக. செத்த இருங்க. ஏ கருப்பு, உனக்கு இப்ப நின்னுருச்சா?

— ஆடியில நின்னுச்சு. மூட்டை தூக்குனா இன்னமும் படும்.

— யாருகிட்டயும் சொல்லல.

— யாருகிட்டச் சொல்ல? சொன்னா உங்ககிட்டச் சொல்லணும்.

— மூக்கைச் சிந்திட்டு நிமிந்து உக்காரு. உன்னைய வையிறதுக்கு நிறைய இருக்கு. அதை வீட்டுல வச்சு வைவேன், ஒரு வருசத்துக்கு வைவேன். இவுக முன்னால வைய மாட்டேன். குமாஸ்தய்யா, அந்தத் தாளுல கட்சிக்காரர்னு போட்டு எம்பேரை எழுதியிருக்கீகளே, அதுக்கு மேல இடம் இருக்கா?

— ஒரு வரிக்கு இருக்கு. எதுக்குத் தாயி?

— அதுல இவ பேரை எழுதுங்க. மொதோ ஊசி இவளுக்குத்தானே போட்டாக.