கொடி பறந்த பக்கம்

அந்தக் காலத்து அமெரிக்கக் கப்பல் படங்களில் காற்றுக்கு ஒழுங்கே கிடையாது. பாய்கள் முன்னோக்கிப் புடைத்திருக்கும், கொடியோ பின்னோக்கிப் பறக்கும். வரைந்தவர்கள் ஓவியம் படித்தவர்களல்ல. கடைப் பெயர்ப்பலகை எழுதியவர்கள், வண்டிகளுக்கு வர்ணம் அடித்தவர்கள். அந்தப் பிழைக்காகவே இலண்டனில் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். நான் ஃபாரஸ்ட் கேட்டில், வீட்டு முன்னறையில் வைத்து அவற்றைத் துப்புரவாக்கிக் கொடுப்பேன்.

என் கணவர் யேசுரட்ணம் கப்பலில் வேலை செய்தவர். பிழை கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என் ஆங்கிலம், கறிக்கு உப்பு, நான் சிரிக்கும் விதம், எல்லாவற்றையும் திருத்துவார். மற்றப்படி நல்ல மனிதர். கை நீட்டியதில்லை.

2006 மாசியில் ஒருநாள் கடைக்குப் போய்வந்து பார்த்தால், என் தூரிகையோடு, துப்புரவாக்க வந்த ஒரு கப்பல் படத்துக்கு முன்னால் இருக்கிறார். பழைய கொடியை வான நிறத்தால் மூடி, முன்னோக்கிப் பறக்கும் புதுக்கொடி ஒன்று கீறிவிட்டார்.

"விசரன் கீறின படம். காத்துப் போற பக்கமெல்லோ கொடி பறக்கும்? திருத்திப் போட்டன்."

"இது என்ர வேலையப்பா. எழும்புங்கோ."

"உம்மட வேலையும் இந்த லட்சணந்தானே."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. வாய்விட்டுக் கத்தினேன். அவரும் கத்திக்கொண்டு எழுந்தார், நெஞ்சைப் பிடித்தார், அப்படியே நிலத்தில் சரிந்தார்.

"மலர், நெஞ்சுநோ ஸ்பிரே. கோட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடக்கு."

"கொஞ்சம் பொறுங்கோ. பெயின்ற் காஞ்சிடும்."

பொலிஸ் ஐயா, இந்த இடத்தை மொழிபெயர்ப்பாளர் டொலறஸ் தங்கச்சி உங்களுக்கு அவசரப்படாமல், ஆறுதலாக மொழிபெயர்க்க வேண்டும். அவர் எடுத்தது சுறுக்காகக் காயும் வர்ணம். காய்ந்தபின் எடுத்தால் அடியில் உள்ள பழையதும் சேர்ந்து உரிந்துவிடும். பஞ்சை எச்சிலில் நனைத்து மெல்ல உருட்ட வேண்டும். எச்சில்தான் அதற்குத் திறம். என் வாய் உலர்ந்திருந்ததால் நேரம் எடுத்தது. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

அம்புலன்ஸுக்கு ஏன் பிந்திப் போன் அடித்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பழைய கொடி ஒரு பழுதுமில்லாமல் வெளியே வந்தது. எவ்வளவு சந்தோசம் எனக்கு. எழுந்து அவரைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. மூச்சும் இருந்தது.

அதனால் மறுபடி உட்கார்ந்து, அவர் கை படாத வானத்தையும் துடைக்கத் தொடங்கினேன்.